பாட்டில்லாப் படமும் தோட்டத்துத் திரையும்

லேடாங் மலையடிவாரத்துத் தங்காக் வட்டாரம் இரப்பர் மரங்கள் செழித்த நிலம். அத்தகைய நிலங்களில் பாடுபட்ட தமிழருக்கு, திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட திரைப்படம் பெருவிருந்தாயிற்று. அவ்விருந்தில் பாட்டும் சண்டையும் நிறைந்திருக்க வேண்டும் என்பதே பொதுச்சுவை. நாளெல்லாம் உழைத்தவர் களிப்பை நாடியதில் வியப்பில்லை.

எனினும், அச்சுவைக்கு மாறான முயற்சிகளும் தமிழில் தோன்றின. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படமாகும். ஒரு கொலையைப் பலர் பலவாறு எடுத்துரைக்கும் அதன் அமைப்பு, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) காட்டிய நெறியைத் தழுவியது. அன்று மக்கள் அதனைப் போதிய அளவு வரவேற்கவில்லை; பின்வந்த தலைமுறையோ அரிய படைப்பெனப் போற்றியது. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' (1978) படமும் காலம் கடந்தே பெரும்புகழ் எய்தியது.

மலேசிய மண்ணிலும் இம்மரபு வேரூன்றியது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் வாழ்வை, சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) பூச்சின்றிக் காட்டிற்று. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழிவாரியாகப் பிரிப்பது குறித்துக் கடும் கருத்துப்போர் மூண்டது. அவ்விழாவிலேயே 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்பட விருதை வென்றது. தமிழ் பேசும் படமும் இந்நாட்டின் படமே என்பது அதனால் நிலைபெற்றது.

சுவை பிறவிக்குணமன்று, பழக்கத்தால் வளர்வது. செய்யுளைச் சுவைக்கக் கற்பிக்கும் ஆசிரியர், நல்ல திரைப்படத்தை இனங்காணவும் மாணவர்க்குக் கற்பிப்பாராயின், நாளைய 'அந்த நாள்' தன் காலத்திலேயே வரவேற்பைப் பெறும்.