நீரை அடக்கிய கதை

நெய்வேலியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கரியைப் பற்றியே எழுதுகிறார்கள். பக்கத்திலேயே வடக்குத்தில் குடியிருக்கும் எனக்கோ தண்ணீரைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961-ல். கரிப்படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஆழ்கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்துத்தான் அதை ஒரு கட்டுக்குள் வைத்தார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் குளமாகிவிடும்.

எழுபது பிராயத்தில் எனக்கும் இதே சங்கடம் வந்து சேர்ந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்றார்கள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் அதை அடியோடு எடுத்தார்கள். ரண சிகிச்சை பழுதில்லாமல் முடிந்தது. ஆனால் குழாயைக் கழற்றிய அன்று, எழுந்து நின்றேன், வேட்டி நனைந்துவிட்டது. இருமினால் நனையும், சிரித்தால் நனையும். புற்றுநோய் என்று கேட்டபோது கலங்காதவன் அன்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களில்தான் இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். கத்தி எடுத்தவர்களின் கதை விஸ்தாரமாக இருக்கிறது. அவர்களில் பிரயர் என்ற அயர்லாந்துக்காரர் 1875 முதல் இருபது வருஷத்துக்கு மேல் வட இந்தியாவில் சர்க்கார் டாக்டராக இருந்தவர். கல்லடைப்புச் சிகிச்சையில் பேர் வாங்கியவர். லண்டனுக்குத் திரும்பி, 1900 டிசம்பரில், அடிவயிற்றைத் திறந்து, பருத்த புராஸ்டேட்டை விரலால் தோண்டி எடுத்தார். இதை முதலில் செய்தவர் யார் என்று நியூயார்க் டாக்டர் புல்லரின் கட்சிக்கும் அவருக்கும் பெரிய சண்டை! ஆரஞ்சுச் சுளையை எடுத்துத் தோலை விட்டுவிடுவது போன்ற வேலை அது. ஆகவே சுற்றியுள்ள தசைகள் பெரும்பாலும் தப்பின.

1904-ல் பால்டிமோரில் ஹியூ யங் செய்தது வேறு. புற்று என்பதால் தோலோடு முழுவதையும் எடுத்தார். சிறுநீர்ப்பையின் வாயில் நாம் நினைக்காமலே மூடிக்கொள்ளும் தசை ஒன்று உண்டு. அதுவும் பெரும்பாலும் இதோடு போய்விடும். கீழே, நாம் நினைத்து மூடும் தசை ஒன்று மிஞ்சும். இரண்டு காவலாளிகள் பார்த்த வேலையை இனி ஒருவனே பார்க்கவேண்டும். அதற்கு என்ன வழி என்று ஆண்களுக்காக நெடுங்காலம் யாரும் தீவிரமாக யோசித்ததாகத் தெரியவில்லை.

வழி பெண்களிடமிருந்து வந்தது. பிரசவத்துக்குப் பின் நீர் கசியும் தாய்மார்களுக்காக, கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் ஒரு பயிற்சியை எழுதினார். அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவதுதான். மருந்து இல்லை, கத்தி இல்லை. வாயால் சொன்னால் பலர் வயிற்றை இறுக்கி ஏமாந்து போகிறார்கள் என்று கண்டு, அமுக்கும் பலத்தை முள் நகர்ந்து காட்டும் ஒரு கருவியும் செய்தார். நம் ஹடயோக நூல்களில் மூலபந்தம் என்று இதற்கு வெகு நெருக்கமான ஒன்று இருக்கிறது. உடனே, 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று யாரும் எழுந்து நிற்கவேண்டாம்! அவர்கள் பிராணனைக் கட்ட முயன்றார்கள். ஒரு கிழவரின் வேட்டி அவர்கள் கவலை அல்ல.

கத்திக்காரர்களும் பிறகு கவனம் கொண்டார்கள். பால்டிமோரிலேயே பாட்ரிக் வால்ஷ் ரத்தக் குழாய்களின் போக்கை ஆராய்ந்து ரத்தப்பெருக்கைக் குறைத்தார். ரத்தக்குளத்தில் தடவிய கைக்கு இப்போது தசையும் நரம்பும் தெரிந்தன. 1982-ல் நரம்பைக் காக்கும் முறை பிறந்தது. எந்தப் பயிற்சிக்கும் கட்டுப்படாதவர்களுக்காக, 1972-லேயே ஹூஸ்டனில் ஸ்காட் என்பவர் சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்திக் காட்டியிருந்தார்.

எனக்கு வளையம் தேவைப்படவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுத்தது ஓர் இளம்பெண். என் பேத்தி வயது. முதல் நாள் அவள் முகத்தைப் பார்க்கவே கூசினேன்.

"தாத்தா, மூச்சை அடக்காதீங்க. வயித்தை விடுங்க. பாதியில ஒன்னுக்கை நிறுத்துற மாதிரி நினைச்சுக்குங்க. நினைப்பு மட்டும் போதும், நிஜமா அப்படி நிறுத்திப் பழகாதீங்க."

பத்து எண்ணும் வரை இறுக்கு, பத்து எண்ணும் வரை விடு. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு மாதம் ஒரு பலனும் இல்லை. சுரங்கத்துப் பம்புகளை நினைத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் இரவுகள் உலர்ந்தன. பிறகு உட்கார்ந்து எழுவது. இருமல்தான் கடைசியில் அடங்கியது. பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அப்போது நான் நம்பவில்லை.

சென்ற தைப்பூசத்துக்கு வடலூர் போனேன், பஸ்ஸில், தனியாக. சத்திய ஞான சபையில் நெருக்கும் கூட்டம். ஏழு திரையும் விலகி ஜோதி தெரியும்வரை நின்றேன். முன்ஜாக்கிரதையாக உள்ளே ஒரு துணிப்பட்டை வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். போட்டபடியே இருந்தது.