ஈரத்தின் கணக்கு: ஸ்பெயினில் ஆலிவ் பிண்ணாக்கு எரிபொருளான வரலாறு

ஆலிவ் பிண்ணாக்கை எரிப்பது பழைய வழக்கம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயின் வீடுகளிலும் ரொட்டி அடுப்புகளிலும் கரிந்த ஆலிவ் கொட்டைகள் கிடைத்துள்ளன. உரோமர் கால வட ஆப்பிரிக்காவில் குயவர்களின் சூளைகளுக்கும் அதுவே விறகு. புகை குறைவு, தணல் நின்று எரியும். ஆனால் இன்று ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் இதே பிண்ணாக்கிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுவதை அந்தப் பழைய வழக்கத்தின் நேர்த் தொடர்ச்சியாகக் கொள்ள முடியாது. இடையில் பிண்ணாக்கின் ஈரம் மாறிவிட்டது. அதை மாற்றியது ஆற்றைக் காக்க எடுத்த ஒரு முடிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாய்களில் அடுக்கிப் பிழியும் பழைய செக்கில் பிண்ணாக்கின் ஈரம் ஏறக்குறைய 25 முதல் 30 விழுக்காடு. அதில் எஞ்சிய எண்ணெயைக் கரைப்பான் கொண்டு எடுக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் பிறந்தது. அதன்பின் மிஞ்சிய உலர் சக்கை ஆலைக் கொதிகலனுக்குப் போனது. 1970-களில் மையவிலக்குப் பொறிகள் வந்தன. எண்ணெய், பிண்ணாக்கு, கழிவுநீர் மூன்றும் தனித்தனியே வெளியேறின. சிக்கல் மூன்றாவதில்தான். அல்பெச்சின் எனப்படும் அந்தக் கருநீர், ஆற்றின் ஆக்சிஜனை உறிஞ்சுவதில் வீட்டுக் கழிவுநீரைவிட நூறு மடங்குக்கு மேல் கடுமையானது. குவாதல்கிவிர் ஆற்றுப்படுகையில் நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே பனிக்காலத்தில் அதைத் திறந்துவிட்டன. 1981-இல் ஸ்பெயின் அரசு தடை விதித்தது. ஆவியாக்கும் குட்டைகள் ஏறக்குறைய ஆயிரம் வெட்டப்பட்டன. நாற்றமும் கசிவும் ஊர்களைத் துரத்தின.

1991–92 பருவத்தில், எண்ணெய், பிண்ணாக்கு என இரண்டாக மட்டும் பிரிக்கும் இருகட்டப் பொறி வந்து கழிவுநீரைப் பெருமளவு ஒழித்தது. பத்தாண்டுக்குள் ஸ்பெயின் ஆலைகளில் பெரும்பாலானவை அதற்கு மாறின. ஆறு தப்பியது, நீர் மறையவில்லை. அது பிண்ணாக்குக்குள் புகுந்து, ஈரத்தை 60 முதல் 70 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அள்ளினால் விரலிடுக்கில் வழியும் இந்தச் சேற்றை மாட்டுவண்டியில் ஏற்ற முடியாது, குவித்து வைக்கவும் முடியாது.

கணக்கைப் பார்ப்போம். 70 விழுக்காடு ஈரமுள்ள ஒரு டன்னில் உலர்பொருள் 300 கிலோ. கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் என்றால் 5,400 மெகாஜூல். ஈரத்தை 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 667 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 1,700 மெகாஜூல். பெறும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு தன்னையே உலர்த்தப் போய்விடுகிறது. உலர்த்தியில் வீணாவது தனி. இயற்கை எரிவாயுச் சுழலியின் சூட்டில் உலர்த்திய ஆலைகளும் உண்டு. அவ்வாறு உலர்ந்த சக்கையின் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்கது என்று கணக்கெழுதுவது நேர்மையாகாது என்பது என் கருத்து.

உலர்த்தும் அவசரம் உணவையும் தொட்டது. உலர்த்தியின் சுழலும் உருளைக்குள் புகை நேராகப் பிண்ணாக்கின்மேல் படும். 2001 ஜூலையில், பிண்ணாக்கு எண்ணெயில் புகையிலிருந்து வரும் பென்சோபைரீன் என்ற நச்சு கலந்திருப்பதாகக் கூறி ஸ்பெயின் அரசு அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

ஆயினும் தொழில் வளர்ந்தது. கோர்டோபா மாகாணத்தில் எல் தெஹார் கூட்டுறவு பல ஆலைகளின் ஈரப் பிண்ணாக்கை வாங்கிச் சேமித்து, எண்ணெய் எடுத்தபின் சக்கையை எரித்து மின்சாரம் தயாரித்தது. அரசின் மின்விலை ஊக்கத்தொகை துணைநின்றது; 2012-இல் புதிய நிலையங்களுக்கு அது நிறுத்தப்பட்டது. இதற்கிடையே ஆலைகள் கொட்டையைத் தனியே பிரித்து, வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்க விற்கத் தொடங்கின. பிண்ணாக்கின் சிறந்த எரிபொருள் அதுதான். மின்நிலையத்துக்கு எஞ்சுவது பொட்டாசியம் மிகுந்த சதைச் சக்கை. அதன் சாம்பல் உருகிக் கொதிகலன் குழாய்களில் கட்டியாகப் பிடிக்கும்.

இந்த எரிபொருள் விளைச்சலை நம்பியது. விளைச்சலோ மழையை நம்பியது. 2021–22-இல் ஏறக்குறைய 14.9 லட்சம் டன்னாக இருந்த ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் உற்பத்தி, வறட்சியால் அடுத்த பருவத்திலேயே சுமார் 6.65 லட்சம் டன்னாகச் சரிந்தது. கொதிகலன்களுக்கு வரவேண்டிய சக்கையும் அதோடு குறைந்தது.