இந்தியாவுக்குக் கிளம்பி வந்து சேராத ஆகாயக் கப்பல்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். வழக்கம்போல கேன்டீன் கதையை எழுதித் தப்பித்திருக்கலாம். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் படிப்பார்களே என்பதால், இந்த முறை வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்.

வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குக் கப்பல் புதிதில்லை. 'ரஜூலா' கப்பலில் ஏறி பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். 1973ல் ரஜூலா ஓய்ந்தது. பிறகு ஓடிய 'சிதம்பரம்' 1985ல் கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. ஆனால் ஆகாயத்திலேயே ஒரு கப்பல் இந்தியாவுக்கு வருவதாக இருந்தது என்று சொன்னால், "சும்மா கதை விடாதே" என்பார்கள். கதையில்லை.

ஆகாயக் கப்பலை பலூனின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைவிட லேசான ஹைட்ரஜனைப் பெரிய பெரிய பைகளில் அடைத்து, உலோகச் சட்டத்துக்குள் வைத்து, மேலே துணி போர்த்தி, இன்ஜின் மாட்டிவிட்டால் மிதந்துகொண்டே போகும். 1900ல் ஜெர்மனியில் செப்பலின் பிரபு முதலாவதைப் பறக்கவிட்டார். 1909ல் இதற்கென்றே ஒரு பயணிகள் கம்பெனி தொடங்கினார்கள். உலகின் முதல் விமான கம்பெனி என்றே அதைச் சொல்லலாம். 'கிராஃப் செப்பலின்' 1929ல் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தது.

இதைப் பார்த்த பிரிட்டிஷ் அரசுக்கும் ஆசை வந்தது. கடல்வழியாக இந்தியா வர இரண்டு மூன்று வாரம் ஆகிற காலம். சில நாளில் வந்துவிட்டால் சாம்ராஜ்யத்தைக் கட்டி ஆள்வது சுலபம் அல்லவா? 1924ல் திட்டம் போட்டு இரண்டு கப்பல் கட்டினார்கள். ஆர்-100 தனியார் கம்பெனி கட்டியது. ஆர்-101 அரசாங்கமே கட்டியது. எகிப்தில் இஸ்மாயிலியாவில் ஒரு கம்பம். நம் கராச்சியில் (அப்போது அது நம்முடையதுதானே) ஒரு கம்பமும், கப்பலை நிறுத்த ஒரு பிரம்மாண்டக் கொட்டகையும். வெப்ப நாட்டில் பெட்ரோல் ஆபத்து என்று பயந்து ஆர்-101க்கு டீசல் இன்ஜின் வைத்தார்கள். தலைக்கு மேலே ஹைட்ரஜனை வைத்துக்கொண்டு! வாயுப் பைகளுக்கு உள்ளே ஒட்டியது மாட்டுக் குடல் தோல். லட்சக்கணக்கான மாடுகளின் குடல்.

டீசல் இன்ஜின் பாரம் அதிகம். கப்பல் தூக்க வேண்டிய எடையைத் தூக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பலை நடுவில் வெட்டி, ஒரு துண்டைச் சேர்த்து, 777 அடியாக நீட்டினார்கள். பைகள் சட்டத்தில் உரசி ஓட்டை விழுந்தது. உரசும் இடமெல்லாம் மெத்தை கட்டிச் சமாளித்தார்கள். மெக்வேட் என்ற சோதனை அதிகாரி 1930 ஜூலையில், இந்த நிலையில் நான் அனுமதிக்குப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதியே கொடுத்தார். அந்தக் கடிதம் மேலே போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

விமானத்துறை மந்திரி தாம்சன் பிரபு நம் நாசிக்கில் பிறந்தவர். இந்தியாவுக்குப் பறந்துபோய், அக்டோபர் 20க்குள் லண்டன் திரும்பி, சாம்ராஜ்ய மாநாட்டில் பெருமையோடு நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தேதி குறித்தாகிவிட்டது. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமலே சான்றிதழ் வந்தது. 1930 அக்டோபர் 4 மாலை, மழைக்காற்றில் கிளம்பினார்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் பிரான்சில் போவே ஊர் அருகே தரையில் மோதி எரிந்தது. இருந்தவர்கள் 54 பேர். போனவர்கள் 48 பேர். மந்திரியும் அதில் ஒருவர்.

விசாரணைக்குத் தலைவர் யார் தெரியுமா? 'சைமனே திரும்பிப் போ' என்று நம்மவர்கள் விரட்டினார்களே, பாரிமுனையில் பிரகாசம் துப்பாக்கிக்கு எதிரே மார்பைக் காட்டி நின்றாரே, அதே ஜான் சைமன்தான். மற்ற நோக்கங்கள் நெருக்காமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கப்பல் கிளம்பியிருக்காது என்ற கருத்தை அவர் அறிக்கையே சொன்னது. கனடாவரை ஒழுங்காகப் போய்வந்த ஆர்-100ஐயும் 1931ல் உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். 1937 மே 6ல் அமெரிக்காவில் 'ஹிண்டன்பர்க்' எரிந்து 36 பேர் இறந்ததும், பயணிகள் ஆகாயக் கப்பலின் காலமே முடிந்தது. கராச்சிக் கொட்டகை அந்தக் கப்பலைப் பார்க்கவே இல்லை. ஆனால் அதே கராச்சியிலிருந்து 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சின்ன விமானத்தில் தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக நம் மதராசுக்குக் கொண்டுவந்தார்.

இதை ஏன் எழுதுகிறேன்? படிப்பு முடிந்ததும் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். புதிதாகப் போட்ட நீராவிக் குழாயை முழு அழுத்தத்தில் சோதிக்க இன்னும் இரண்டு நாள் வேண்டியிருந்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. "தேதி குடுத்தாச்சுப்பா, கையெழுத்து போடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேலதிகாரி. போட்டேன். விழா நல்லபடியாக நடந்தது. மூன்றாம் நாள் இணைப்பு விட்டுப்போய் கான்டிராக்ட் தொழிலாளி ஒருவரின் வலது கை வெந்துபோனது. உயிர் பிழைத்தார்; கை பழையபடி ஆகவில்லை. மேலதிகாரி சொன்னார்தான். ஆனால் காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து.

மெக்வேட் கதையைப் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. அவர் எழுதியும் கப்பல் விழுந்தது, உண்மைதான். ஆனால் எழுதவேண்டியதை எழுதினார். நான் எழுதவில்லை.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளுக்கு நாளை வேலைக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளே, விழாவுக்கு வேறு தேதி குறிக்கலாம். உங்கள் முன்னால் காகிதம் வரும் அன்றைக்கு இந்த அண்ணனை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.