வீட்டு ஸ்ட்ராபெரியும் ஜாமும்

ஸ்ட்ராபெரி, ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தரையோடு தரையாக வளரும். இன்று சந்தையில் கிடைக்கும் பெரிய சிவப்புப் பழம், அமெரிக்கக் கண்டங்களின் இரண்டு காட்டு இனங்கள் ஐரோப்பாவில் கலந்து பிறந்தது. சிலி நாட்டின் கோட்டைகளை வேவு பார்க்கப் போன ஃபிரெசியே என்ற பிரெஞ்சுப் படைப் பொறியாளர், அங்கிருந்த பெரும்பழச் செடிகளை 1714இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். வந்து சேர்ந்தவை பெண் செடிகள் மட்டுமே. பூத்தன, காய்க்கவில்லை. வட அமெரிக்காவின் சிறுபழ இனம் பக்கத்தில் இருந்த தோட்டங்களில்தான் மகரந்தம் கிடைத்துக் காய் பிடித்தது. அப்படி உண்டான கலப்பினத்தை அடையாளம் கண்டு 1766இல் எழுதியவர் துஷேன் என்ற இளம் தாவரவியலாளர்.

நாம் தின்னும் சதை உண்மையில் கனி அல்ல, பருத்துப்போன பூத்தளம். மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள் துணுக்குகள்தாம் கனிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. எந்தத் துணுக்குக்கு மகரந்தம் சேரவில்லையோ, அதைச் சுற்றியுள்ள சதை பருப்பதில்லை. தேனீ எட்டாத மாடியிலும் வலைக்கூண்டிலும் பழங்கள் கோணல்மாணலாக வருவதற்கு இதுவே காரணம். பூ விரிந்திருக்கும் நாட்களில் மெல்லிய தூரிகையால் நடுவட்டத்தைச் சுற்றித் தடவிவிட்டால் போதும், பழம் சீராகத் திரளும்.

நீலகிரிக்கு இந்தச் செடியோடு பழைய உறவு உண்டு. அந்த மலையின் பெயரையே தாவரவியல் பெயரில் தாங்கிய ஃபிரகாரியா நீல்கெரென்சிஸ் என்ற காட்டு ஸ்ட்ராபெரி அங்கும் இமயமலைப் பகுதியிலும் சீனாவிலும் வளர்கிறது. அதன் பழம் சிறியது, வெளிறிய நிறம். மஞ்சள் பூப் பூத்துச் செக்கச்செவேலெனக் காய்க்கும் இன்னொரு செடியைப் பலர் காட்டு ஸ்ட்ராபெரி என்று நினைத்துப் பறிப்பார்கள். தின்றால் கெடுதல் இல்லை, சுவையும் இல்லை.

இடமும் பருவமும்

இந்தியாவில் ஸ்ட்ராபெரிக்குப் பேர்போன ஊர் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர். அதன் பழம் 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும், இலங்கையில் நுவரெலியாவிலும், மலேசியாவில் கேமரன் மலையிலும் பயிராகிறது. எல்லாமே மலையூர்கள். இன்று பயிராகும் பெரும்பாலான ரகங்கள், பகல் குறுகி இரவு குளிரும்போதுதான் மொட்டுக் கட்டும். வெயிலும் நீண்ட பகலும் வந்தால், பூப்பதை விட்டுவிட்டு ஓடுதண்டு விடத் தொடங்கும்.

சமவெளியில் இதை ஒரு பருவச் செடியாக நினைத்துக்கொள்வது நல்லது. கோவை, ஓசூர் போன்ற ஊர்களில் மழையின் வேகம் தணிந்தபின் அக்டோபர், நவம்பரில் நட்டால் தையிலும் மாசியிலும் பறிக்கலாம். பங்குனி வெயிலில் செடி சோர்ந்துவிடும். சென்னை மொட்டைமாடியில் இலை தழைக்கும் அளவுக்குப் பழம் கிடைப்பதில்லை.

விதை வாங்குவது வீண். கலப்பினம் என்பதால் விதையில் முளைப்பது தாய்ச்செடியைப் போல இருக்காது. இணையத்தில் விற்கும் நீல ஸ்ட்ராபெரி விதை சுத்த மோசடி. அப்படி ஒரு பழமே கிடையாது. நம்பகமான பண்ணையிலிருந்து நாற்று வாங்க வேண்டும். கமரோசா, ஸ்வீட் சார்லி, விண்டர் டான் ஆகியவை இந்தியாவில் அதிகம் நடப்படும் ரகங்கள்.

நடும்போது பெரும்பாலோர் தவறவிடுவது ஆழம். வேரும் இலைக்காம்புகளும் சேருமிடத்தில் கட்டைவிரல் தடிமனில் ஒரு குறுந்தண்டு இருக்கும். குருத்து அதன் நடுவிலிருந்துதான் கிளம்பும். அது மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். மண்மட்டத்தில் சரியாக உட்கார வேண்டும். மண் சற்றே அமிலத்தன்மையோடு, கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பது உகந்தது. தொட்டிக்குச் செம்மண், மட்கிய தொழு உரம், நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்துகொள்ளலாம். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும்; ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காது. செடிக்குச் செடி ஓரடி இடைவெளி வேண்டும். தண்ணீர் இலையில் படாமல் வேரில் விழ வேண்டும்.

பழம் மண்ணைத் தொடாதிருக்க வைக்கோல் மூடாக்குப் போடுவார்கள். ஈரத்தில் கிடந்த பழத்தில் சாம்பல் பூஞ்சணம் படரும். ஒன்றில் வந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் பழங்களுக்கெல்லாம் பரவும். மலையில் நத்தையும் சின்னான் குருவியும் போட்டிக்கு வரும். சமவெளியின் வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்தி இலையடியில் சேரும். பூ வந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம் சிவக்கும். பறித்தபின் வாழை, மாம்பழம் போல இது பழுப்பதில்லை. நிறம் கூடலாம், இனிப்புக் கூடாது. காம்புவரை சிவந்த பிறகே பறிக்க வேண்டும். வீட்டில் வளர்ப்பதன் முழு லாபமும் இதில்தான் இருக்கிறது. தொலைதூரச் சந்தைக்குப் போகும் பழம் அவ்வளவு நாள் செடியில் காத்திருக்க முடியாது.

ஜாம்

ஜாம் இறுகுவதற்குப் பெக்டின், அமிலம், சர்க்கரை மூன்றும் அளவோடு கூட வேண்டும். ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு. எலுமிச்சைச் சாறு அமிலத்தை ஈடுகட்டும். பெக்டினுக்குக் கடைப் பொடி இருக்கிறது. நம் ஊரில் அதைவிடக் கைக்கெட்டும் வழி கொய்யா. அரைப்பழமான கொய்யா இரண்டை நறுக்கி வேகவைத்து, பிசையாமல் வடித்த நீரைச் சேர்த்தால் ஜாம் நன்றாகத் திரளும். ஸ்ட்ராபெரியின் மணத்தையும் பெரிதாக மறைக்காது.

ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. பழத்தைச் சர்க்கரையில் புரட்டி இரவு முழுவதும் வைத்தால் சாறு தானாக வெளியேறும். பழத்துண்டும் கொதியில் கரையாமல் நிற்கும். அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் சர்க்கரை முழுதும் கரைந்தபின் தீயைக் கூட்டி விரைவாகக் கொதிக்கவிட வேண்டும். சிறுதீயில் நெடுநேரம் வைத்தால் பெக்டின் சிதையும், நிறம் கறுக்கும்.

இறக்கும் பதம் 105 டிகிரி செல்சியஸ் என்று சமையல் புத்தகங்கள் சொல்லும். அது கடல்மட்டக் கணக்கு. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குச் சற்று முன்பாகக் கொதித்துவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நான்கைந்து டிகிரி. ஆகவே அங்கே 97 டிகிரியை ஒட்டியே இறக்கிவிட வேண்டும். 105 வரும்வரை காத்திருந்தால் மிஞ்சுவது மிட்டாய்ப் பாகு. எந்த ஊருக்கும் பொருந்துவது தராசு. முக்கால் கிலோ சர்க்கரையோடு, பழத்தில் இயல்பாக உள்ள இனிப்பும் பிறவுமாகச் சுமார் 80 கிராமைக் கூட்டினால் கரைதிடப் பொருள் 830 கிராம். அது மொத்தத்தில் 65 சதவீதமாக வேண்டுமானால், பாத்திர எடை போக ஏறக்குறைய 1.28 கிலோ நிற்கும்போது இறக்கலாம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளும்போது மேலே சுருக்கம் விழுந்தால் பதம் சரி.

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஜாமுக்கு 65 சதவீதக் கரைதிடத்தைக் கோருகின்றன. பழத்தின் பங்கு பெரும்பாலானவற்றுக்கு 45 சதவீதம். ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் 25 போதும் என்று சலுகை. மேலே சொன்ன வீட்டுக் கணக்கில் 100 கிராம் ஜாமுக்கு 78 கிராம் பழம் போகிறது.

கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்து உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சூட்டோடு நிரப்பி மூட வேண்டும். வெளிச்சமும் சூடும் சிவப்பு நிறமியைச் சிதைப்பதால், சில மாதங்களில் ஜாம் பழுப்பாகும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. திறந்த புட்டி குளிர்பெட்டியில் இருக்கட்டும். ஈரக் கரண்டி பட்டால் மேலே பூஞ்சணம் பூக்கும். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாமல் புட்டியோடு கொட்டிவிட வேண்டும்.