டெக்கோ வந்த வழி

சுங்கை பினாங்கிலிருந்து சௌராஸ்தா சந்தைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரை மலாய் என்றே நினைத்திருப்பார்கள். அது இந்துஸ்தானி, நாற்சந்தி என்று பொருள். பெரிய மருத்துவமனைப் பக்கம் சிப்பாய் லைன்ஸ் என்றொரு சாலை. சுங்கை பினாங்கு ஆற்றில் வந்து கலக்கும் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் தோபி காட். தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் துவைத்த துறைக்கும் வடக்கத்திப் பெயர்தான்.

காரணம் எளிது. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இந்தப் பினாங்குத் தீவில் இறங்கியபோது உடன் இறங்கியவர்கள் வங்காளத்துச் சிப்பாய்கள். 1867 வரை பினாங்கு இந்திய அரசின் கீழேயே இருந்தது. பாளையத்தில் புழங்கிய மொழி தெருப்பெயராகத் தங்கிவிட்டது.

அதே பாளைய மொழி மேற்கேயும் போனது. வட இந்தியாவில் வேலைபார்த்த வெள்ளைக்காரச் சிப்பாய் நாள் முழுக்கக் கேட்டது ‘தேகோ’. கடைக்காரன் துணியை விரித்துச் சொன்னான், வண்டிக்காரன் வழிவிடச் சொன்னான். ‘பார்’ என்பதற்கும் ‘பாருங்கள்’ என்பதற்கும் நடுவிலான ஏவல் அது. ஊர் திரும்பும்போது அவன் அதை ‘டெக்கோ’ ஆக்கியிருந்தான். 1890களில் ஆங்கில அச்சிலும் ஏறிவிட்டது. பயணத்தில் ஏவல் உதிர்ந்து வெறும் பெயர்ச்சொல்லானது. ஒரு டெக்கோ விடுவது என்றால் போகிறபோக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். யாரும் யாரையும் அதட்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதன் பங்காளி இதற்கு முன்பே இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்ட ரோமா மக்கள் பாரசீகம், பைசாந்தியம் என்று நடந்தே ஐரோப்பா சேர்ந்தவர்கள். பார்ப்பதற்கு அவர்கள் சொல் ‘திக்’. வட இங்கிலாந்துப் பேச்சில் அது ‘டீக்’ ஆனது. ஒரே வேர், ஒன்று கால்நடையாக, மற்றொன்று கப்பலில். நாடோடி என்று விரட்டப்பட்டவனின் சொல்லும் சிப்பாயின் சொல்லும் ஒரே நாட்டில் சந்தித்துக்கொண்டன. அகராதிக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்த உறவைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வான்படையினர் அரபு நாடுகளிலிருந்து ‘ஷுஃப்தி’யைக் கொண்டுவந்தார்கள். அரபியில் அது ஒரு பெண்ணிடம் ‘பார்த்தாயா?’ என்று கேட்பது. எந்தச் சூழலில் கற்றுக்கொண்டார்களோ, கேட்காமல் விடுவோம். முறையாகப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் சொற்கள் நிறைய. சும்மா பார்ப்பதற்குத்தான் கடன் வாங்கியிருக்கிறார்கள், அதுவும் சந்தையிலிருந்தும் தெருவிலிருந்தும்.

பினாங்கில் ‘தேகோ’ வேர்பிடிக்கவில்லை. இங்கே அன்று பொதுமொழி பசார் மலாய், அதாவது சந்தை மலாய். தொழிலுக்கும் இடத்துக்கும் இந்துஸ்தானிப் பெயரை ஏற்ற ஊர், பார்ப்பதற்குத் ‘தெங்ஙோ’வை விடவில்லை. வாங்காமல் கடைகடையாய் ஏறி இறங்குவதற்குச் ‘சூச்சி மாத்தா’, அதாவது கண் கழுவுதல். சீனரின் அடுக்குத்தொடர்ப் பழக்கம் ஆங்கிலத்தில் புகுந்து இன்னொன்றும் கிடைத்தது: ‘சீ சீ லுக் லுக்’. தமிழில் எழுதினால் முகஞ்சுளித்தது போலிருக்கிறது. ஆனால் சௌராஸ்தாவில் ஜாதிக்காய் ஊறுகாய் விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாங்கப் போவதில்லை என்று உடனே புரிந்துகொண்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்.