முச்சுண்டு: உதட்டோடு நின்ற பெயர்

மேலுதடு பிளந்து பிறக்கும் குழந்தையின் குறைக்குத் திருவனந்தபுரத்து வழக்கில் முச்சுண்டு என்று பெயர். சுண்டு என்றால் உதடு. இதை மலையாளம் என்று நாம் ஒதுக்க வேண்டாம். நாகர்கோவில் பக்கத்துத் தமிழிலும் உதடு சுண்டுதான். முக்கனி, முச்சந்தி போல எண்ணிப் பார்த்து வைத்த பெயர்: பிளந்த மேலுதடு இரண்டு, கீழுதடு ஒன்று.

தமிழ்நாட்டில் மூளி என்றார்கள். விளிம்பு உடைந்த சட்டிக்கும் தோடில்லாத காதுக்கும் சொன்ன சொல். கர்ப்பிணி கிரகணம் பார்த்ததால் வந்த வினை என்ற பழியும் அதோடு ஒட்டிக்கொண்டது. கரு உருவாகும் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் பகுதிகள் ஒன்றுகூடாமல் போவதே பிளவு. தாய்மேல் பழி போடும் அந்தச் சொல் வழக்கொழிவதே நல்லது. முச்சுண்டு யாரையும் பழிக்கவில்லை.

ஆனால் அந்தப் பெயர் உதட்டோடு நின்றுவிடுகிறது. பல குழந்தைகளுக்குப் பிளவு ஈறைக் கடந்து வாயின் மேற்கூரையான அண்ணம்வரை போகும். அண்ணம் என்பதில் உள்ள ‘அண்’ மேலே என்று பொருள்படும்; அண்ணாந்து பார்ப்பதும் அதுவே. தொல்காப்பியம் எழுத்துப் பிறக்கும் எட்டு இடங்களில் அண்ணத்தையும் மூக்கையும் தனித்தனியே வைக்கிறது. வாய்க்கும் மூக்குக்கும் இடையே தடுப்பாக உள்ள அண்ணம் பிளந்திருந்தால், ப, ட, க சொல்ல வாயில் அடைபட வேண்டிய காற்று மூக்கு வழியே கசிந்துவிடும்.

பெயர் சொல்லாமல் விட்ட பெரிய சங்கதி தாடை. உதட்டுத் தசை முழு வளையமாக இருந்தால்தான் மேல்தாடையை முன்னிருந்து அணைத்துப் பிடிக்கும். வளையம் அறுந்தால் தாடைத் துண்டுகள் விலகும். உதட்டைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் தைக்கிறார்கள். தைத்ததும் அதே தசையின் அழுத்தம் துண்டுகளை நெருக்குகிறது. ஒரு வயதை ஒட்டி அண்ணத்தை மூடுகிறார்கள். அங்கே விழும் தழும்பு நீளாது, விரியாது. வளரும் மேல்தாடையை அது இழுத்துப் பிடிக்கிறது. கீழ்த்தாடை தன்போக்கில் வளர, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வந்து கடிக்கும். முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கித் தெரியும்.

இதற்குச் சான்று இலங்கையில் கிடைத்தது. பிளவுக்கு அறுவை செய்யாமலே வளர்ந்த, 13 வயதைக் கடந்தவர்களை மைக்கேல் மார்ஸ், ஹூஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆராய்ந்து 1990-இல் எழுதினார்கள். அவர்களின் மேல்தாடை இயல்பாக வளரும் ஆற்றலோடுதான் இருந்தது. அதற்காக அண்ணத்தைத் திறந்தே விடவும் முடியாது; பேச்சு போய்விடும். பேச்சுக்கும் தாடைக்கும் நடுவே நாள் குறிப்பதுதான் மருத்துவரின் பெரும்பாடு.

உதடு கூடியதும் வேலை முடிந்தது என்று வீடு திரும்பும் பெற்றோருக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்குமுன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறுப் பிளவை நிரப்புவார்கள். பிறகு பற்களுக்குக் கம்பி. வளர்ச்சி நின்றபின், தேவையானால் மேல்தாடையை அறுவை மூலம் முன்னே நகர்த்துவார்கள்.