இடக்கைக்கு ஓய்வு தந்த சிறுவண்டி



தோட்டத்துக் குடும்பம் ஒன்று மோட்டார் சைக்கிள் வாங்குவது சிறிய காரியமன்று. மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு பகுதி தவணைக்கே போய்விடும். வண்டி நம் வேலைக்கும் பாதைக்கும் பொருந்தாவிட்டால், கடன் மட்டுமே மிஞ்சும். ஆகவே, நம் நாட்டில் ‘கப்சாய்’ என்று எல்லாரும் அழைக்கும் சிறுவண்டியின் வரலாற்றை இன்று பார்ப்போம். எந்த வண்டி யாருக்கு ஏற்றது என்பதற்கு அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பல நாடுகளில் மக்கள் போக்குவரத்து வசதியின்றித் தவித்தனர். இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் 1946-இல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். உடையில் எண்ணெய் படாமல், காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமரலாம். ஆனால் அதன் சக்கரங்கள் மிகச் சிறியவை. கியர் மாற்றும்போது இடக்கையால் கிளட்ச்சை அழுத்தி, அதே கையால் கைப்பிடியைத் திருக வேண்டும்.

ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா என்ற இயந்திரக் கலைஞர், போரில் மிஞ்சிய சிறு இஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்கத் தொடங்கினார். 1948-இல் அவருடைய நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு தக்கேயோ புஜிசாவா அவருடன் சேர்ந்தார். ஒருவர் பட்டறையைக் கவனித்தார். மற்றவர் வாணிகத்தைக் கவனித்தார். 1956-இல் இருவரும் ஐரோப்பா சென்று அங்கு ஓடிய சிறுவண்டிகளைப் பார்த்தனர். தங்கள் நாட்டின் கரடுமுரடான மண் சாலைகளுக்கு அவை ஒத்துவரா என்று கண்டனர்.

அக்காலத்தில் ஜப்பானிய உணவுக் கடைப் பையன்கள் ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கிக்கொண்டே சைக்கிளில் சென்று வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அத்தகைய பையனும் ஒரே கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது புஜிசாவாவின் விருப்பம். அப்படியானால் இடக்கைக் கிளட்ச் கூடாது. இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே 1958 ஆகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப். இஞ்சின் 49 சி.சி.; சக்கரம் 17 அங்குலம்; முன்னால் சேற்றையும் காற்றையும் தடுக்கும் பிளாஸ்டிக் மறைப்பு.

அதன் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது? ராட்டினம் சுற்றும்போது அதில் தொங்கும் தொட்டிகள் வெளிப்பக்கமாக விரிவதைத் திருவிழாவில் பார்த்திருப்போம். அதே தத்துவந்தான். இஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் விலகியிருக்கும். கியரில் நிறுத்தினாலும் வண்டி அணைந்துவிடாது. வேகத்தைக் கூட்டினால், உள்ளே இருக்கும் சிறு எடைகள் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டுத் தகடுகளை அழுத்துகின்றன, சக்கரம் சுழல்கிறது. காலால் கியரை மிதிக்கும்போது கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். கைக்கு வேலை இல்லை.

பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ, 1950-களின் இறுதியில் இவ்வண்டியை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். இதே அமைப்பில் வேறு நிறுவனங்களும் வண்டிகள் செய்தன. மக்கள் எல்லாவற்றையும் கப்சாய் என்றே அழைத்தனர். தோட்டத்துச் செம்மண் பாதையிலும் அது ஓடியது. சேலை கட்டிய அம்மாவும் பின்னால் அமர முடிந்தது. 2017-இல் உலகில் செய்யப்பட்ட சூப்பர் கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியை எட்டியது.

இனி, தெரிவுக்கு வருவோம். கையால் இயக்கும் கிளட்ச் உள்ள வண்டியில், சக்தியை எவ்வளவு, எப்போது சக்கரத்துக்கு விடுவது என்பது ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. ஆனால் பழகுவதற்கு நாளாகும். கியரே மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர் பட்டணத்து நெரிசலுக்குச் சுகம். எனினும் இறக்கத்தில் இஞ்சினின் பிடிப்பு அதில் குறைவு. பிரேக்கையே அதிகம் நம்ப வேண்டும். கப்சாய் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பழகுவது எளிது, இறக்கத்தில் கீழ்க் கியரைப் போட்டால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மேடும் பள்ளமும் சேறும் உள்ள பாதைக்கு அதன் பெரிய சக்கரமும் துணை.

ஒன்றை மறக்க வேண்டாம். இடக்கைக்கு ஓய்வு கொடுத்தது கவனத்துக்கு ஓய்வு கொடுப்பதற்காக அன்று. இன்றைய சாலையில் இரு கைகளும் கைப்பிடியில் இருக்கட்டும். ஓட்டுபவர் தலையிலும் பின்னால் அமரும் பிள்ளையின் தலையிலும் தலைக்கவசம் இருக்கட்டும். கடையில் பளபளக்கும் வண்ணத்தைப் பார்த்து மயங்காமல், ‘நம் பாதை எது, சுமை எவ்வளவு, வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள், பழுதானால் பக்கத்தில் பார்க்க ஆள் உண்டா?’ என்று குடும்பமாக அமர்ந்து கேட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகு தவணைத் தாளில் கையெழுத்திடுவோம்.